சவுக்காரம் பட்ட மஞ்சள்

நம் செட்டில் இப்போது அமிலம் என்றால் வயிற்று அமிலம்தான். கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும் நாம் ஒரே மேசையில் கூடி, கைப்பையைத் திறந்து, அந்த வெள்ளை மாத்திரையை மிட்டாய் மாதிரிப் பங்கு போட்டுக்கொள்கிறோம். பங்சாரில் ஒரு விருந்தில் அப்படிச் சப்பிக்கொண்டிருந்தபோது, இது உள்ளே போய் என்னதான் செய்கிறது என்று உங்களில் ஒருத்தி கேட்டாள். வயிற்றில் இருப்பது அமிலம், மாத்திரையில் இருப்பது காரம், இரண்டும் சந்தித்தால் ஒன்றை ஒன்று அடக்கி உப்பும் தண்ணீருமாகப் போய்விடும் என்று சொன்னேன். "இதெல்லாம் உனக்கு யாரு லா சொல்லிக் குடுத்தா?" என்றாள். ரயில்வே குவார்ட்டர்ஸில் படித்தது என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டு ஐஸ்கிரீம் எடுக்கப் போய்விட்டீர்கள். அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது ஓடிக்கொண்டிருந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடிந்து, ஆண்டுக் கடைசியில் வரும் நீண்ட விடுமுறை. வீடு பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பாவுக்குத் தண்டவாளம் பழுது பார்க்கும் வேலை. எங்களுடையது தொழிலாளர் வரிசை. இரண்டு அறை, ஒரு கூடம், பின்னால் குளிக்கிற இடம், அங்கே தண்ணீர் பிடித்து வைக்க ஒரு டிரம். சந்துக்கு எதிர்ப்பக்கம் ஆபீஸ் எழுத்தர்களான கிராணிமார் வரிசை. அந்த வீடுகளுக்கு மாமரமும் செம்பருத்தி வேலியும் உண்டு. மழைக்காலத்துச் சேறு மட்டும் இரண்டு வரிசைக்கும் பொது. ரயில் போகும்போது பேச்சை நிறுத்தி, சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். இன்றும் என் பேச்சின் நடுவில் அப்படி ஒரு நிறுத்தம் வரும். வயதாகிவிட்டது என்று என் மகன் நினைத்துக்கொள்கிறான்.

எதிர் வரிசையில் ஒரு சிலோன்காரர் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அக்கா இடைநிலைப் பள்ளியில் நான்காம் படிவம் படித்தாள். ஜனவரியில் பள்ளிக் கண்காட்சிக்கு அவள் ஏதோ செய்து காட்ட வேண்டுமாம். விடுமுறை முழுக்க அவளுக்கு அதுதான் வேலை. பூப்பறித்துத் தர ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டாள். நான் போய் ஒட்டிக்கொண்டேன்.

செம்பருத்தி இதழ்களைப் பழைய பால் டின்னில் போட்டுக் கொதிக்க வைப்போம். கீரை வேகிற வாடை வரும். சாறு விரலில் கொழகொழவென்று ஒட்டும். தண்டவாளத்துக் கம்பி வேலியில் படர்ந்திருந்த சங்குப்பூவை வேறு டின்னில் போடுவோம். அது பேனா மை மாதிரி நீலமாக இறங்கும். பிறகு வரிசையாக ஊறுகாய் போத்தல்கள். ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு வீட்டு அடுப்படியிலிருந்து திருடியது இருக்கும். சூக்கா என்று நாங்கள் சொல்லும் வினிகர், புளித் தண்ணீர், சோடா மாவு, சவுக்காரத் தண்ணீர், அடுப்புச் சாம்பல் கரைத்தது, வெற்றிலைச் சுண்ணாம்பின் தெளிவு. பூச்சாற்றில் இரண்டு சொட்டு விட்டால் போதும். சூக்காவில் செம்பருத்தி பளிச்சென்று சிவக்கும். சாம்பல் தண்ணீரில் அதே சாறு பச்சையாகும். சிவப்புப் பூவுக்குள் பச்சை ஒளிந்திருக்கும் என்று நான் எங்கே கண்டேன்? அக்கா கேட்காவிட்டாலும் மறுபடி மறுபடி ஊற்றிப் பார்ப்பேன்.

புளிப்பதெல்லாம் அமிலம், கையில் வழுக்குவதெல்லாம் காரம், இப்போதைக்கு இதை வைத்துக்கொள் என்றாள் அக்கா. நிறம் மாறுகிற சாற்றுக்குக் காட்டி என்று பெயர். அது தானாக எதையும் செய்யாது, எதிரில் இருப்பது என்னவென்று காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். அவளிடம் பள்ளியிலிருந்து கொண்டு வந்த லிட்மஸ் தாள் இருந்தது. தீப்பெட்டி அளவில் சின்னப் புத்தகம் மாதிரி, இதழ் இதழாகக் கிழிக்கலாம். எனக்கு ஒன்று கொடுத்தாள். அதை ஒரு வாரம் பாவாடை மடிப்பில் செருகி வைத்திருந்தேன். பிறகு அது எங்கே போனதோ. அதற்குப் பிறகு எத்தனையோ லிட்மஸ் தாள் என் கையால் கிழித்திருக்கிறேன், அந்த ஒன்று தொலைந்தது மட்டும் ஞாபகத்தில் நிற்கிறது.

இந்த ஆட்டத்துக்கெல்லாம் ஒரு முடிவு நாள் இருந்தது. நான் கிள்ளானுக்குப் போவதாக ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள்.

கிள்ளான் அத்தை என்பது அப்பாவின் அக்கா. தாய் தகப்பன் இல்லாமல் போன பிறகு அப்பாவைத் தூக்கி வளர்த்தவள். கிள்ளானில் மளிகைக் கடை, கடைக்கு மேலேயே வீடு, கல்யாணமாகாத இரண்டு மகன்கள். அத்தையின் மாமியார் படுத்த படுக்கையாகி விட்டதால் கூடமாட இருக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. கிழவியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வீடு கூட்ட வேண்டும், ஓய்ந்த நேரத்தில் கடையில் மிளகாயும் மல்லியும் பொட்டலம் கட்ட வேண்டும். பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளை அதற்கெல்லாம் ரொம்பப் பொருத்தம் என்று அத்தைக்குத் தோன்றியது. அப்பாவால் அக்காவுக்கு இல்லை என்று சொல்ல முடியாது. எழுதப் படிக்கத் தெரிந்துவிட்டது, பெண் பிள்ளைக்கு அது போதும் என்று அவர் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

எனக்கு ஒரு பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பள்ளி, வீட்டிலிருந்து நடந்தே போகலாம். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் மொழி பழக ஒரு வருடம் ரிமூவ் வகுப்பு, அப்புறம் முதல் படிவம், அப்புறம் அக்கா மாதிரி கண்ணாடிக் குழாயும் போத்தலும். படிப்பின் மேல் எனக்குப் பெரிய பக்தி ஒன்றும் கிடையாது. அந்த நிறம் மாறுவதை விட்டுப் போக மனமில்லை. அழுதேன். அப்பா பார்க்காத மாதிரி இருந்துகொண்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அம்மா ஒன்றும் சொல்லவில்லை என்றால் சம்மதம் என்று அர்த்தம். அப்பாவையோ அத்தையையோ எதிர்த்து அம்மா ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. கிள்ளானுக்குப் போட்டுக்கொண்டு போக எனக்கு வெள்ளைத் துணியில் புதிதாக ஓர் உள்பாவாடை தைத்தாள். அதைப் பார்த்து, அம்மாவும் என்னை அனுப்பத் தயாராகிவிட்டாள் என்று நினைத்தேன். மனசு விட்டுப் போயிற்று.

கோயில் திருவிழா முடிந்ததும் அத்தை கடை லோரியில் வந்து என்னைக் கூட்டிப் போவதாக ஏற்பாடு.

எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கத்தில் இருந்தது சின்ன அம்மன் கோயில். கடைசி நாள் மஞ்சள் நீர் விளையாட்டு. பெரிய அண்டாவில் மஞ்சளும் வேப்பிலையும் கரைத்து வைப்பார்கள், முறைக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் ஊற்றுவார்கள், கோயில் தரையெல்லாம் மஞ்சளாக ஓடும். கிள்ளானுக்கென்று வைத்திருந்த உள்பாவாடையை ஆசைப்பட்டு அன்றைக்கே கட்டிக்கொண்டு போயிருந்தேன். கால் வலித்ததென்று கோயில் படியில் உட்கார்ந்தேன். படியில் தண்ணீர் தேங்கியிருந்ததைக் கவனிக்கவில்லை. மேலே அரக்குப் பாவாடை, அதில் ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அவிழ்த்தால் உள்பாவாடையின் பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை.

அம்மா திட்டுவாளே என்று துணிச் சவுக்காரக் கட்டியை எடுத்து அந்த இடத்தில் அழுத்தித் தேய்த்தேன். கறை போகவில்லை. மஞ்சள் செங்கல் நிறமானது. பயந்து இன்னும் தேய்த்தேன், இன்னும் சிவந்தது. அக்காவின் போத்தல் வரிசையில் மஞ்சள் கிடையாது. அது சமையல் சாமான், அதற்கும் நாங்கள் செய்த வேலைக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அலசக்கூட இல்லை. சவுக்காரத்தோடு அப்படியே சுருட்டி டிரம்முக்குப் பின்னால் திணித்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை லோரி வந்தது. கடை ஆள் ஓட்டி வந்திருந்தான், அத்தை முன்சீட்டில். இறங்கியதும் காலில் சேறு என்று நேரே பின்பக்கம் கழுவப் போனாள். பிறகு அம்மாவைக் கூப்பிட்டாள். கூப்பிட்ட விதத்தில் நானும் எழுந்து போனேன். அத்தையின் கையில் என் உள்பாவாடை, காய்ந்து விறைத்து, சிவப்புக் கறை வெளியே தெரியும்படி.

"இது என்னா புள்ள, என்கிட்ட சொல்லவே இல்ல?" என்றாள் அத்தை.

அம்மா அதை வாங்கி விரித்தாள். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டு போனாள். அப்போது பார்த்து ஒரு சரக்கு ரயில் போனது. அது கடந்து முடியும் வரை மூன்று பேரும் அப்படியே நின்றோம். அம்மா துணியை இறக்கவே இல்லை.

ரயில் போனதும், "ஆமாண்ணி, நேத்து சாயங்காலம்தான். புள்ள வெக்கப்பட்டு ஒளிச்சு வெச்சிருக்கு" என்றாள்.

சொல்லிக்கொண்டே துணியை வாளித் தண்ணீரில் போட்டு அமுக்கி, வாளியைக் கதவுக்குப் பின்னால் தள்ளினாள். நான் வாயைத் திறந்தேன். அம்மா என் முழங்கைக்கு மேலே பிடித்தாள். அம்மா என்னை அடித்ததுகூடக் கிடையாது. அந்தப் பிடியில் அப்படி வலித்தது.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. கூடத்தின் மூலையில் சேலையைக் குறுக்கே கட்டி என்னை உட்கார வைத்தார்கள். தனித் தட்டு, தனிக் குவளை. நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் குடிக்கச் சொன்னார்கள். நான் பெரிய மனுஷியாகிவிட்டேன் என்று அத்தை விளக்கியது எனக்குப் பாதிதான் புரிந்தது. அதெல்லாம் நம் காலத்தில் யார் முன்கூட்டிச் சொல்லிக் கொடுத்தார்கள்? கறை மஞ்சளால் வந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் இத்தனை பெரியவர்கள் ஒரே குரலில் சொல்லும்போது, எனக்குத் தெரியாமல் என் உடம்பில் வேறு ஏதாவது நடந்திருக்குமோ என்று நானே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டேன்.

அத்தைக்கு ஒரு கணக்கு இருந்தது. இதைப் பிற்பாடுதான் புரிந்துகொண்டேன். அத்தை மகன்கள் எனக்கு முறை மாப்பிள்ளைகள். சின்னப் பிள்ளை என்றால் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். வயசுக்கு வந்த முறைப்பெண்ணைக் கல்யாணமாகாத பையன்கள் இருக்கும் வீட்டில் தங்க வைத்தால், ஊர் முடிச்சுப் போட்டுவிடும். அத்தையோ மூத்தவனுக்குத் தோட்டத்துக் கிராணி ஒருவரின் மகளைப் பார்த்து வைத்திருந்தாள். தண்டவாளக்காரர் பெண்ணுக்காக அதைக் கெடுத்துக்கொள்ள அவளுக்கு மனசில்லை. ஆகவே நான் இனி கிள்ளானுக்கு வருவது சரிப்படாது என்று அத்தையே முதலில் சொன்னாள். லோரி வெறுமனே திரும்பிப் போனது.

சேலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு இதில் ஒன்றும் சந்தோஷமில்லை. எங்கள் வரிசையில் இப்படி மூலையில் உட்கார வைத்த பெண்கள் இரண்டு மூன்று பேர், அதற்கப்புறம் பள்ளிப் பக்கம் போனதே இல்லை. கிள்ளானும் போயிற்று, பள்ளியும் போயிற்று, இனி இந்த மூலைதான் என்று முடிவு கட்டிவிட்டேன். செம்பருத்தி அங்கே வேலியில் வாடி உதிர்ந்துகொண்டிருக்கும் என்று நினைத்து அழுதேன்.

சிலோன் அக்கா என்னைப் பார்க்க வந்தாள். சேலைக்கு வெளியே பாய் போட்டு உட்கார வைத்தார்கள். அத்தை சடங்கு ஏற்பாட்டுக்காக மறுபடி வந்து கூடத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். நான் சேலை ஓரமாகக் குனிந்து, கோயில் படி, மஞ்சள், சவுக்காரம் எல்லாவற்றையும் குசுகுசுவென்று சொன்னேன். வேறு ஏதாவது ஆயிற்றா என்று அவள் இரண்டு கேள்வி கேட்டாள். இல்லை என்றேன். எழுந்து போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு மை ஒற்றும் தாள், மஞ்சள் கரைசலில் நனைத்துக் காய வைத்தது. கைக்குட்டையில் ஒரு துண்டு சவுக்காரம். தாளை என் குவளைத் தண்ணீரில் நனைத்து, மேலே சவுக்காரத்தை இழுத்தாள். என் உள்பாவாடையில் வந்த அதே செங்கல் நிறம் கோடாக வந்தது.

"மஞ்சளும் காட்டிதான். எனக்கும் இப்பத்தான் யோசனை வந்தது" என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

அம்மாவைக் கூப்பிட்டு ஒரு தேசிக்காய் கேட்டாள். எலுமிச்சையைத்தான் அப்படிச் சொல்வார்கள். அம்மா கொண்டு வந்து கொடுத்துவிட்டு நின்றாள்.

"அன்ரி, இது ரத்தம் இல்லை. மஞ்சளில சவர்க்காரம் பட்டது. புளி பட்டா திரும்ப மஞ்சளா வரும், இஞ்ச பாருங்கோ. எல்லாருக்கும் காட்டினா இவள எழுப்பி விட்டுடுவினம்."

அம்மா தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அக்காவின் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அந்தத் தாளையும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அதெல்லாம் பெரியவர்கள் பார்த்துக்கொள்வோம், நீ வீட்டுக்குப் போ பாப்பா என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் பழத்தைப் பிழிந்து, சீனி போட்டுக் கலக்கி, ஒரு கிளாஸில் அத்தைக்குக் கொண்டு வந்து கொடுத்தாள். வெயிலில் வந்திருக்கிறீர்கள், குடியுங்கள் அண்ணி என்றாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அத்தை வாங்கிக் குடித்தாள்.

எனக்கு அம்மா மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கண்ணெதிரே காட்டியும் புரியாத மண்டூகம் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் நாத்தனாருக்குப் பயந்த கோழை. அக்காவும் வாசலில் செருப்பு மாட்டும்போது, உன் அம்மாவுக்குச் சரியான பயம் என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள். படித்தவள் அவள், நான் அவளை நம்பினேன். நிரூபித்தால் என்னை எழுப்பி எங்கே அனுப்புவார்கள் என்று இரண்டு பேருமே ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

சடங்குக்குக் காப்பாரிலிருந்து தாய்மாமா மோட்டார் சைக்கிளில் வந்தார். குடிசை கட்டத் தென்னை ஓலை பின்னால் கட்டியிருந்தார். வழியெல்லாம் ரோட்டைக் கூட்டிக்கொண்டே வந்ததாகச் சொல்லிச் சிரித்தார். முதல் முறையாக எனக்குப் பட்டுப் பாவாடை. தலையில் அத்தனை பூ வைத்ததில் கழுத்து நிமிரவில்லை. தண்ணீர் ஊற்றிய பெண்கள் ஒவ்வொருவராகக் கன்னத்தைத் தடவி, நல்லாயிரு என்றார்கள்.

கடைசியில் ஆரத்தி. அத்தைதான் கரைத்தாள். பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர், அதில் மஞ்சள் தூள். வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை விரல் நுனியில் வழித்துப் போட்டுக் கலக்கினாள். என் கண் முன்னால் மஞ்சள் தண்ணீர் ரத்தச் சிவப்பானது. கூட்டத்தின் பின்னால் சிலோன் அக்கா நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அங்கே நின்ற பெண்கள் அத்தனை பேரும் பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரைக் கரைத்தவர்கள். மஞ்சள் பட்ட சேலையைச் சவுக்காரம் போட்டுத் துவைத்து, சிவந்ததைப் பார்த்துப் பழகியவர்கள். அத்தையும்தான். தெரியாதவர்கள் என்று ஒருத்தரையும் சொல்ல மாட்டேன். அந்த வயதுப் பெண்ணுக்கு எது வரும் என்று எதிர்பார்த்திருந்தார்களோ, அதைத் துணியில் பார்த்துவிட்டார்கள். நாமும் எத்தனை முறை அப்படிப் பார்த்திருக்கிறோம்.

சடங்கு முடிந்த சாயங்காலம் அம்மா அப்பாவிடம் பேசினாள். நான் அடுத்த அறையிலிருந்து கேட்டேன். அம்மா அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வயசுக்கு வந்த பெண்ணைச் சும்மா வீட்டில் வைத்திருந்தால் இந்த வரிசையில் ஆளுக்கு ஒன்று பேசுவார்கள், தனிக்கட்டைகள் தங்கும் கொட்டகை வேறு பக்கத்திலேயே இருக்கிறது என்றாள். அந்தப் பள்ளியில் எல்லாமே பெண்கள், உயர மதில், வாசலில் காவல், உள்ளே போனால் மத்தியானம் வரை கவலையில்லை என்றாள். படிப்பு என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. பத்திரம் என்ற வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்பாவுக்குப் பாரம் இறங்கின மாதிரி இருந்திருக்க வேண்டும். அத்தையும், போகட்டுமே தம்பி, கொஞ்ச நாள் ஆகட்டும் என்றாள். தன் மகனுக்கு நிச்சயம் ஆகும் வரை நான் எங்கேயாவது அடைபட்டுக் கிடந்தால் அவளுக்கும் நல்லதுதான்.

ஜனவரியில் நான் பள்ளிக்குப் போனேன். கிள்ளானில் கிழவியைப் பார்த்துக்கொள்ளத் தூரத்து உறவில் இன்னொரு பெண்ணைக் கூட்டி வந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். என் வயதுதானாம். அவளைப் பற்றி அப்போது நான் நினைக்கவே இல்லை. இப்போது அடிக்கடி நினைக்கிறேன். அவள் வீட்டில் அம்மா இருந்தாளா, இருந்தால் என்ன செய்தாள் என்று தெரியவில்லை. அத்தையையும் பொல்லாதவள் என்று சொல்ல மனம் வரவில்லை. அவள் சோறு போடாவிட்டால் என் அப்பா இல்லை. சிலோன் அக்கா தன் கண்காட்சி நன்றாக நடந்தது என்றாள். மஞ்சள் தாளையும் வைத்தாளாம். பிறகு அவர்கள் வீடு மாறிப் போனார்கள், அத்தோடு சரி.

அந்த வருடம் நடுவில் ஒரு காலை. பள்ளிச் சீருடையை மாட்டிக்கொண்டிருந்தேன். உண்மையாக வந்தது அன்றைக்குத்தான். இந்த முறை எனக்கு விவரம் தெரியும், வகுப்பில் மற்றப் பெண்கள் பேசிக் கேட்டிருந்தேன். அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். சடங்கெல்லாம் செய்து, பட்டுக் கட்டி, ஊரையே கூட்டிய பிறகு இதை எப்படிச் சொல்வது என்று நாக்குக் குழறியது.

அம்மா அடுப்பை அணைத்தாள். என்னை உள்ளறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினாள். அவளுடைய சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தாள். அதில் பழைய வேட்டித் துணி, கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து, அளவாக அடுக்கி வைத்தது. ஒருநாளில் தைத்த தையல் இல்லை அது. எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று காட்டிக் கொடுத்தாள். முகத்தில் ஆச்சரியமே இல்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"அப்ப அது மஞ்சள்னு ஒனக்குத் தெரியுமாம்மா?"

"மோந்து பாத்தேன்ல" என்றாள் அம்மா.

அம்மா என் சட்டைக் காலரை இழுத்துச் சரி செய்தாள்.

"மஞ்சள்னு சொல்லியிருந்தா அன்னிக்கே ஒன்ன லோரில ஏத்தியிருப்பாங்க. என்ன மூலையில ஒக்கார வெச்ச அன்னிக்கோட என் படிப்பு நின்னுபோச்சு. ஒன்ன ஒருதடவ ஒக்கார வெச்சாச்சு, அது போதும். நேரமாவுது, கெளம்பு."

நான் அம்மாவைக் கட்டிக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. ஆனால் என் வாழ்க்கையில் யார் மேலும் எனக்கு அவ்வளவு அன்பு வந்ததில்லை, அன்றைக்கு அந்த அறையில் வந்த மாதிரி. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அப்பா வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன இன்றைக்கு இவ்வளவு நேரம் என்று கேட்டார். உள்ளே இருந்தபடியே அம்மா, தலை பின்ன நேரமாகிவிட்டது என்றாள். அப்பா என் தலையைப் பார்த்துவிட்டு, சரி போ, மணி அடித்துவிடப் போகிறார்கள் என்றார். நான் பள்ளிக்குப் போனேன்.